ரேடியேஷனுக்கு முன் மெஷின் உறுப்புகளை வரைந்தால் நம்பலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம் வீடு. அப்பாவுக்கு வலது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்து, தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டு கேரளாவுடையது என்பதால் கேரள அரசின் காருண்யா மருத்துவத் திட்டத்தில் ரேடியேஷனைக் கேரளப் பக்கமே வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறீர்கள். அங்கே ஒருவர், "நல்ல உறுப்புகளை எல்லாம் இப்போது ஏஐ மெஷினே வரைந்துவிடும், முன்பு மாதிரி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து உங்களுக்குப் பயம். மெஷின் தப்பாக வரைந்தால் அப்பாவுக்கு என்ன ஆகும், கையாலேயே வரைகிற ஆஸ்பத்திரிக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வரைவது கையா மெஷினா என்று கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். அப்பாவின் உடம்பை யாராவது ஒருவர் நிதானமாகப் பார்ப்பார்களா, தப்பு இருந்தால் அது யார் கண்ணில் படும் என்பதுதான் உங்கள் கவலை. நியாயமான கவலை. நான் மருத்துவ இயற்பியலாளர், ஆஸ்பத்திரியில் பிசிசிஸ்ட் என்பார்கள். ரேடியேஷன் பிளான் போடுவதும் டோஸ் கணக்கைச் சரிபார்ப்பதும் என் வேலை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரன், எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். நோய்க்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பது டாக்டர். அந்த இடத்துக்குள் நான் போக மாட்டேன். அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல் அவருடைய பிளான் நன்றாக இருக்கிறதா என்றும் சொல்ல முடியாது. ஆனால் மெஷின் வரைகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆஸ்பத்திரி மாறாதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். வாய்ப் புற்றுநோயில் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் பொதுவான இலக்கு. புது ஆஸ்பத்திரி, புது ஓ.பி. சீட்டு, திரும்ப ஒரு ஸ்கேன், திட்ட அனுமதிக்கு இன்னொரு காத்திருப்பு என்று இழுத்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். தாமதத்தால் வரும் கெடுதல் நிச்சயமாகத் தெரிந்த ஒன்று.

முதலில் இந்த வரைகிற வேலை என்ன என்று பார்ப்போம். சுடுதண்ணீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை அப்பாவின் முகத்தின்மேல் அழுத்தி ஒரு மாஸ்க் செய்வார்கள். அது ஆறியதும் முகத்தின் அச்சாக இறுகிவிடும். அந்த மாஸ்க்கோடு படுக்கவைத்து சிடி ஸ்கேன் எடுப்பார்கள். உச்சந்தலையிலிருந்து நெஞ்சின் மேல்பகுதி வரை மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படம் என்றால் நூறுக்கும் மேல் படங்கள் வரும். ஒவ்வொரு படத்திலும் தண்டுவடம் எது, மூளைத்தண்டு எது, உமிழ்நீர்ச் சுரப்பி எது, தாடை எலும்பு, குரல்வளை, உள்காது, கண் எது என்று நிறம் நிறமாகக் கோடு போட வேண்டும். நாங்கள் இதைக் காண்டூர் என்போம். நோய் இருந்த இடத்தையும், அது பரவியிருக்கக்கூடிய நெறிக்கட்டுகளின் இடத்தையும் டாக்டர் வரைவார். பிளான் போடுகிற கம்ப்யூட்டருக்கு உறுப்பு என்று தனியாக எதுவும் தெரியாது, இந்தக் கோடுகள்தான் தெரியும். "இந்தக் கோட்டுக்குள் 60 கிரே போக வேண்டும், அந்தக் கோட்டுக்குள் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது" என்று நாங்கள் சொல்ல (கிரே என்பது கதிர்வீச்சு டோஸின் அலகு), கதிர்கள் எந்தெந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று அது கணக்குப் போடும். தண்டுவடத்தின் எந்தப் புள்ளிக்கும் 45 முதல் 50 கிரேக்கு மேல் போகவிட மாட்டோம். பரோட்டிட் என்கிற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி காதுக்கு முன்னால், தாடை ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் அதன் சராசரி டோஸ் 25 கிரேக்குக் கீழே, ஒன்றையாவது நன்றாகக் காப்பாற்ற முடிந்தால் அந்த ஒன்றில் 20 கிரேக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2010-இல் வெளியான சர்வதேசத் தொகுப்பின் அளவுகோல். உங்கள் அப்பாவுக்கு நோய் வலது பக்கம் என்பதால் வலது பரோட்டிட் பெரும்பாலும் டோஸ் வாங்கிவிடும். எங்கள் கவனமெல்லாம் இடது பக்கத்தைக் காப்பாற்றுவதில் இருக்கும்.

ஊரில் ரேடியேஷனைக் கரண்ட் வைக்கிறது என்று சொல்வார்கள். முந்தைய தலைமுறையில் கோபால்ட் மெஷினில் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள். அவர்கள் சாப்பிடுவதைக் கவனித்துப் பாருங்கள். சோறு குழம்பில் ஊறினால்தான் இறங்கும். ராத்திரி தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் படுக்க மாட்டார்கள். அன்று முகத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் நேராகக் கதிர் போகும், இரண்டு சுரப்பியும் வெந்துபோகும். காப்பாற்ற வழியே இல்லாதபோது சுரப்பியை வரைந்து என்ன பயன்? ஒவ்வொரு கதிரின் அளவையும் இடத்துக்கு இடம் மாற்றுகிற ஐஎம்ஆர்டி என்ற முறை வந்து, டோஸை உறுப்பின் வடிவத்துக்கு ஏற்ப வளைக்க முடிந்த பிறகுதான் நல்ல உறுப்பை வரைவது இவ்வளவு பெரிய வேலையானது. இங்கிலாந்தில் நடந்த பார்ஸ்போர்ட் என்ற ஆய்வு 2011-இல் வெளியானது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பழைய முறையில் 74 சதவீதம் பேருக்குத் தொந்தரவான வாய்வறட்சி இருந்தது; சுரப்பியைக் காப்பாற்றிய ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம். இந்த வித்தியாசம் முழுக்க அந்தக் கோட்டை நம்பித்தான் நிற்கிறது. அதனால் நீங்கள் பயப்பட்டதில் அர்த்தம் இருக்கிறது.

மெஷின் இதை எப்படிக் கற்றுக்கொண்டது? முன்பு இருந்த முறையில், ஏற்கெனவே வரைந்த சில நோயாளிகளின் படத்தை எடுத்துப் புது நோயாளியின் உடம்புக்கு ஏற்ப இழுத்துப் பொருத்துவார்கள். சுமாராகத்தான் வரும், திருத்துகிற நேரத்தில் புதிதாகவே வரைந்துவிடலாம் என்று தோன்றும். 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் யூ-நெட் என்ற நரம்பு வலையமைப்பை உருவாக்கினார்கள். மருத்துவப் படங்களில் கோடு போடுவதற்கென்றே செய்யப்பட்டது. இன்று விற்பனையில் இருக்கிற பல மென்பொருள்களின் வேர் அதுதான். டாக்டர்கள் வரைந்த நூற்றுக்கணக்கான ஸ்கேன்களைக் காட்டி, இப்படி இருந்தால் பரோட்டிட், இப்படி இருந்தால் தண்டுவடம் என்று பழக்குகிறார்கள். லண்டன் யுசிஎல்எச் மருத்துவமனையுடன் சேர்ந்து கூகுளின் டீப்மைண்ட் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. தலை, கழுத்துப் பகுதியின் 21 உறுப்புகளில் பெரும்பாலானவற்றை மெஷின் நிபுணர்கள் அளவுக்கு வரைந்தது.

மூன்று விஷயங்களைத் தயங்காமல் சொல்லலாம். நேரம் மிச்சமாகிறது. தலை, கழுத்து கேஸுக்குக் கையால் வரைய ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை போகும்; மெஷின் சில நிமிடங்களில் முடித்துவிடும், பிறகு திருத்துகிற நேரம் மட்டும்தான். அடுத்தது, ஒரே மாதிரி வரையும். காலை பத்து மணிக்கு வரைந்தாலும் மாலை ஆறு மணிக்கு வரைந்தாலும் அதற்குக் களைப்பு கிடையாது. மூன்றாவதைத்தான் நோயாளி வீட்டாரிடம் யாரும் சொல்வதில்லை: மனிதர் வரைவதும் ஒன்றுபோல் இருக்காது. ஒரே ஸ்கேனை இரண்டு நல்ல டாக்டர்களிடம் கொடுத்தால் இரண்டு பரோட்டிட் வரும். பரோட்டிட் எங்கே முடிகிறது, பக்கத்துத் தசை எங்கே தொடங்குகிறது என்பது சிடியில் மங்கலாகத்தான் தெரியும். பார்வை நரம்புகள் குறுக்கே சேருகிற இடம் இதைவிட மோசம், எம்ஆர்ஐ இல்லாமல் யாராலும் உறுதியாக வரைய முடியாது. எனவே கையால் வரைகிற ஆஸ்பத்திரியைத் தேடிப் போனாலும் அங்கே தப்பே இருக்காது என்று நினைக்க வேண்டாம்.

மெஷினின் திறமையைச் சொல்லும்போது டைஸ் என்று ஓர் எண் சொல்வார்கள். மெஷின் கோடும் டாக்டர் கோடும் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று படிகிறது என்பதன் அளவு. முழுதாகப் படிந்தால் 1, தொடவே இல்லை என்றால் 0. தாடை எலும்புக்கு 0.9-க்கு மேல் வரும், பரோட்டிட்டுக்கு 0.8-ஐத் தாண்டும். விளம்பரத் தாளில் இந்த எண்களைத்தான் பெரிதாகப் போடுவார்கள். இந்த எண்ணைப் பார்த்து நான் நிம்மதி அடைவதில்லை. தப்பு எவ்வளவு என்று அது சொல்லும், எந்த இடத்தில் என்று சொல்லாது. ஒரு ஏக்கர் தோப்பை அளந்தவர் 95 சென்ட்டைச் சரியாகக் காட்டிவிட்டு ஐந்து சென்ட்டை விட்டுவிட்டால், அந்த ஐந்தில் கிணறு இருந்ததா வெறும் புறம்போக்கு ஓரமா என்று பார்க்காமல் எப்படி விடுவது? பரோட்டிட்டின் வெளிப்பக்கத்தில், தோலை ஒட்டி இரண்டு மில்லிமீட்டர் தவறினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அதே இரண்டு மில்லிமீட்டர் நோய் இருந்த இடத்தைத் தொடுகிற பக்கத்தில் தவறினால் கதை வேறு, ஏனென்றால் அங்கேதான் டோஸ் செங்குத்தாக இறங்குகிறது.

இனி உங்கள் அப்பாவின் கேஸ். மெஷின் பழகியது பெரும்பாலும் வழக்கமான உடம்புகளில். உங்கள் அப்பாவின் வலது பக்கம் இப்போது வழக்கமான உடம்பு கிடையாது. கன்னப் புற்றுநோய்க்குக் கழுத்து நெறிக்கட்டுகளை எடுக்கும்போது, தாடைக்குக் கீழே இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியையும் வழக்கமாகச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். மெஷினுக்கு அது தெரியாது. அந்த இடத்தில் சுரப்பி இருக்க வேண்டும் என்று பழகியிருப்பதால், அங்கே கிடக்கிற ஏதோ ஒரு கொழுப்பையோ தசையையோ சுற்றி அழகாக ஒரு கோடு போட்டு, வலது சுரப்பி என்று பெயரும் எழுதிவிடும். நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கோடு கோணல்மாணலாக இருந்தால் பார்த்ததுமே சந்தேகம் வரும். இது வழவழவென்று, நேர்த்தியாக இருக்கும். தொடையிலிருந்து வைத்த சதையும் அப்படித்தான். சிடியில் அந்தச் சதையின் கொழுப்பு, கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு பட்டையாகத் தெரியும். அதன் ஓரத்தில் வாய்க்குழியின் கோடு தடுமாறும். பல்லில் வெள்ளி அடைத்திருந்தாலோ, தாடையில் டைட்டானியம் பிளேட் வைத்திருந்தாலோ படத்தில் நட்சத்திரம் வெடித்த மாதிரி வெள்ளைக் கீற்றுகள் நாலாப்பக்கமும் ஓடும். அந்தக் கீற்று விழுந்த ஐந்தாறு படங்களில் மெஷின் போடுகிற கோட்டை நான் அப்படியே ஏற்பதில்லை.

இல்லாத சுரப்பியை வரைந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நல்ல உறுப்பின் கோடு தப்பினால் இரண்டு விதமாகக் கெடுதல் வரும். உறுப்பு ஓரிடத்தில், கோடு வேறிடத்தில் என்றால், பிளான் அறிக்கையில் டோஸ் வரம்புக்குள் இருப்பதாகத்தான் தெரியும். நிஜ உறுப்பு அதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டிருக்கும். இது எல்லோருக்கும் சட்டென்று புரியும். இன்னொன்று அதைவிடப் பெரிய கவலை. இல்லாத சுரப்பியின் கோடு, நோய் திரும்பி வரக்கூடிய இடத்துக்குள் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைக் காப்பாற்று என்று கம்ப்யூட்டருக்கு யாராவது கட்டளை கொடுத்தால், அது சொன்னபடி செய்யும். அந்த மூலையில் டோஸ் குறையும். காப்பாற்றவே கூடாத இடத்தைக் காப்பாற்றியதாகிவிடும். நோய்ப் பகுதிக்கு முன்னுரிமை கொடுத்துத்தான் பிளான் போடுவோம், டோஸ் குறைந்த இடத்தைத் தேடிப் பார்ப்போம் என்பதால் இது பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் அதைப் பிடிக்க, அங்கே சுரப்பி இல்லை என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அக்கறையெல்லாம் இங்கேதான். மெஷின் தப்பு செய்யும், அது புதிய விஷயம் இல்லை. தொடர்ந்து சரியாக வரைகிற மெஷின், பார்க்கிறவரின் கண்ணை மெல்ல மெல்லச் சோம்பலாக்கும். வெறும் படத்தில் தானே வரையும்போது ஒருவர் ஒவ்வொரு படத்திலும் நின்றாக வேண்டும். வரைந்து முடித்த படம் முன்னால் வந்தால் மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போய்விடலாம். கேஸ் குவிந்துகிடக்கிற நாளில் அந்த ஆசை யாருக்கும் வரும். இதனால்தான் எந்தச் சிகிச்சை முறையைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைக்கிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023-இல் இந்த மென்பொருள்களைப் பயன்படுத்தலாம் என்று சொன்னபோதே, பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துத் தேவைப்பட்டால் திருத்த வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. ஒழுங்காகப் பார்ப்பவர் எப்படிப் பார்ப்பார் என்றால், உறுப்பின் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் போவார். மெஷின் அதிகம் தடுமாறுவது தொடக்கத்திலும் முடிவிலும்தான். பிறகு பக்கவாட்டுப் பார்வைக்கு மாற்றி, தண்டுவடம் எங்காவது படிக்கட்டு மாதிரி உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக, நோய்ப் பகுதியின் கோட்டை நல்ல உறுப்பின் கோடு தொடுகிற ஒவ்வொரு படத்திலும் நிற்பார். இதற்கு அரை மணி நேரம் ஆகும். மெஷின் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை இதற்குச் செலவழிக்கிற ஆஸ்பத்திரி என்றால் நான் என் சொந்தக்காரரை அங்கே தைரியமாக அனுப்புவேன்.

சந்தேகமான விஷயங்களும் உண்டு. இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நேரத்தையும் கோட்டின் ஒற்றுமையையும்தான் அளந்திருக்கின்றன. மெஷின் வரைந்ததால் நோயாளிக்கு வாய்வறட்சி குறைந்ததா, நோய் திரும்புவது குறைந்ததா என்று பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆதாரம் மெலிவாகத்தான் இருக்கிறது. அதேபோல், வெளிநாட்டு ஸ்கேன்களில் பழகிய மெஷின் நம் ஊர் நோயாளிக்கு அதே அளவு ஒத்துவருமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. எலும்பும் தண்டுவடமும் எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால் வெற்றிலை, புகையிலையால் வரும் கன்னப் புற்றுநோய் நம்மிடம் அதிகம், பெரிதாக வளர்ந்த பிறகு வருகிறவர்களும் அதிகம், அதற்கேற்ப ஆபரேஷனும் பெரிது. இப்படி மாறிப்போன முகங்களை மெஷின் எவ்வளவு பார்த்திருக்கும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆர்ச்சரி என்ற ஆய்வு இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஜோர்டான், மலேசியா நாடுகளில் தலை-கழுத்து, கருப்பைவாய், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு ஏஐ போடுகிற பிளான் தரமாக இருக்கிறதா என்று சோதிப்பதற்கென்றே திட்டமிடப்பட்டது. நம் மாதிரி இடங்களை மனதில் வைத்துச் செய்கிற இப்படிப்பட்ட ஆய்வின் பதிலுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆபரேஷன் ஒரு மாநிலத்தில், ரேடியேஷன் இன்னொரு மாநிலத்தில் என்று ஆகிவிட்டதால் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இன்னொன்றுடன் பேசாது. அப்பாவின் உடம்பில் எது எடுக்கப்பட்டது, எது வைக்கப்பட்டது என்ற விவரம் வாளையாறையோ வேலந்தாவளத்தையோ தாண்டி வருவது உங்கள் கைப்பையில்தான். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, அதில் இரண்டு வரிதான் இருக்கும். ஆபரேஷன் நோட் என்று தனியாக ஒன்று உண்டு, கேட்டு வாங்குங்கள். எந்த நெறிக்கட்டு மட்டங்கள் எடுத்தார்கள், தாடைக்குக் கீழுள்ள சுரப்பியை எடுத்தார்களா, எலும்பை வெட்டினார்களா, பிளேட் வைத்தார்களா என்பது அதில்தான் இருக்கும். பயாப்ஸியின் முழு அறிக்கை, ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனின் சிடி தட்டு, இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ரேடியேஷன் டாக்டரிடம் கொடுத்து, பிளான் போடுகிற பிசிசிஸ்ட்டும் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு அந்தத் தாள் கிடைத்தால் பெரிய உதவி.

பிறகு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மெஷின் வரைந்த பிறகு நீங்கள் பார்த்துத் திருத்துகிறீர்களா, சார்?" பார்க்கிறோம் என்பார். எதைத் திருத்தினீர்கள் என்று கேட்டால், உண்மையாகப் பார்த்தவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும். வலது பக்கம் சுரப்பி இல்லை அழித்துவிட்டோம், பல் கீற்று விழுந்த இடத்தைக் கையால் வரைந்தோம் என்கிற மாதிரி. பிளானில் டாக்டரும் பிசிசிஸ்ட்டும் கையெழுத்துப் போடாமல் சிகிச்சை தொடங்காது, பொறுப்பு அவர்களுடையதுதான், மென்பொருள் கம்பெனியுடையது இல்லை. ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்து அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்றால், படித்துச் சொல்லக் கேளுங்கள். பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசத் தெரிந்த டெக்னீஷியனோ நர்ஸோ கிடைப்பது கஷ்டமே இல்லை. பல் டாக்டரிடம் இன்னும் காட்டவில்லை என்றால் அதை இந்த வாரமே முடியுங்கள். ஆட்டம் காணும் பல்லை ரேடியேஷனுக்கு முன்பே எடுத்துப் புண் ஆறவைக்க வேண்டும், பின்னால் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

சிகிச்சை தொடங்கிய பிறகும் இந்தக் கோட்டு விவகாரம் முடியாது. ஆறு வாரத்தில் அப்பா மெலிவார், வாய்ப்புண்ணால் சாப்பாடு குறையும். ஆபரேஷன் வீக்கமும் வடியும். பரோட்டிட் சுரப்பியே சிகிச்சை ஓடும்போது சுருங்கி உள்பக்கமாக நகரும். முதல் நாள் எடுத்த ஸ்கேனில் போட்ட கோடு அதைத் தொடர்ந்து போகாது. வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். மாஸ்க் தளர்ந்து முகம் உள்ளே ஆடுகிறது என்று அப்பா சொன்னால், அல்லது உங்களுக்கே அவர் கன்னம் ஒட்டிப்போனதாகத் தெரிந்தால், அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மெஷின் அறையில் இருக்கிற டெக்னாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள். மாஸ்க்கைப் புதிதாகச் செய்து திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். அப்படித் திரும்ப எடுத்தால், ஆபரேஷன் நோட்டை அன்றைக்கும் கையோடு கொண்டுபோங்கள். கோடுகளை மெஷின் மறுபடி முதலிலிருந்து வரையும்.